ஜிகினா ஒட்டிய லட்சுமி

அன்புள்ள தம்பிக்கு,

கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் நீ எடுத்த அச்சுப் பிரதிகளின் மேல் வண்ணமும் தங்க ரேக்கும் சேர்த்து, ஒவ்வொன்றையும் தனிப் படமாக்கப் போவதாக எழுதியிருந்தாய். அது ஏமாற்று வேலை என்று நண்பர்கள் சொல்கிறார்களாமே. தயங்காமல் செய்.

அச்சுப் படத்தின்மேல் கைவேலை சேர்ப்பது நம் ஊரில் புதிதில்லை. ஓவியர் ரவி வர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். நிறத்துக்கொரு கல்லாக அழுத்தி எடுத்த லட்சுமியும் சரஸ்வதியும் நம் ஊர்ப் பூஜை அறைகளுக்கும் வந்து சேர்ந்தார்கள். பல தமிழ் வீடுகளில், முக்கியமாகச் செட்டிநாட்டில், அந்தப் படங்களை வந்தபடியே மாட்டிவிடவில்லை. புடவை இருந்த இடத்தில் துணியும் சரிகையும் ஒட்டினார்கள். நகைகளுக்கு ஜிகினா, சம்கி, மணி. முகத்தையும் கைகளையும் அச்சில் இருந்தபடி விட்டார்கள். எதைத் தொடக்கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரே அச்சிலிருந்து வந்த இரண்டு லட்சுமிகள் இரண்டு வீடுகளில் வேறு வேறு புடவையில் நின்றார்கள். ஒட்டியவர்களின் பெயர் பெரும்பாலும் எங்கும் இல்லை. எனக்கு அது தீராத வருத்தம்.

ஏமாற்று வேறு இடத்தில் நடக்கிறது. தஞ்சாவூர் ஓவியம் என்றால் பலகையில் துணி ஒட்டி, கோடு வரைந்து, மக்குப் பசை வைத்து எழுப்பி, கல் பதித்து, ரேக்கு ஒட்டி, வண்ணம் தீட்டுவது. 2007-08இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இன்று கணினியில் அச்சடித்த கிருஷ்ணன்மேல் ரேக்கு ஒட்டி அதே பெயரில் விற்கிறார்கள். தைக் கல்யாணத்துக்குப் பரிசு வாங்குபவருக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? நாள்கணக்கில் மக்கு வேலை செய்தவரின் கூலிதான் அடிபடுகிறது.

ஆகவே உன் படத்தின் பின்பக்கம் எழுதிவிடு: எது அச்சு, எங்கே உன் கை, எத்தனை பிரதி, இது எத்தனையாவது. காகிதத்தில் மக்கு கனமாக வைக்காதே. காகிதம் வளைந்தால் விரிசல் விடும். பலகை கேட்கும் வேலை அது. மின்னுகிறதே என்று எல்லா இடத்திலும் ரேக்கை ஒட்டாதே.

ஒரு பிரதியை மட்டும் கை வைக்காமல் வைத்துக்கொள். மற்றவற்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார். எந்தப் பிரதியில் உன் வேலை வெறும் பளபளப்பாக நிற்கிறதோ, அதை விற்பனைக்கு அனுப்பாதே.

அன்புடன்,
அண்ணன்