காவல் பணிக்கு வேண்டிய தகுதிகளும் பண்புகளும்

எல்லையில் நின்று நாட்டைக் காப்பவர் படைவீரர். ஊருக்குள் நின்று மக்களைக் காப்பவர் காவலர். திருவிழாவில் நெரிசலை ஒழுங்குபடுத்தவும், வெள்ளத்தில் சிக்கியோரை மீட்கவும், நள்ளிரவில் தெருவைச் சுற்றி வரவும் நாம் அவர்களையே நம்பியிருக்கிறோம். ஆயினும், "படித்து முடித்து என்ன ஆகப் போகிறாய்?" என்று கேட்டால் மருத்துவர், ஆசிரியை, பொறியாளர் என்று விடை சொல்வோரே நம்மில் அதிகம். காவல் அதிகாரி என்று சொல்லும் ஒருத்தியையும் வீட்டிலுள்ளோர், "அது ஆண்பிள்ளைகள் வேலை" என்று சொல்லித் தடுத்துவிடுகின்றனர். அப்பணிக்கு உண்மையில் வேண்டிய தகுதிகள் எவை, பண்புகள் எவை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெண்கள் காவல் பணிக்கு வந்த வரலாறு

1972ஆம் ஆண்டு கிரண் பேடி இந்தியக் காவல் பணியில் சேர்ந்த முதல் பெண் ஆனார். மறு ஆண்டே, அதாவது 1973இல், தமிழ்நாட்டில் பெண் காவலர்கள் நியமிக்கப்பட்டனர். ஓர் உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்கள் என மொத்தம் 22 பேரே அன்று இருந்தனர். 1976இல் திலகவதி அவர்களும் லத்திகா சரண் அவர்களும் இந்தியக் காவல் பணியில் சேர்ந்து தமிழ்நாட்டில் பணியாற்ற வந்தனர். திலகவதி அவர்கள் சிறந்த எழுத்தாளரும் ஆவார். 'கல்மரம்' என்னும் நாவலுக்காக 2005இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். லத்திகா சரண் அவர்கள் 2006இல் சென்னை மாநகரக் காவல் ஆணையராகவும், 2010இல் மாநிலத்தின் காவல்துறைத் தலைமை இயக்குநராகவும் உயர்ந்தார். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. 22 பேரில் தொடங்கிய வரிசை இன்று மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கில் நீண்டிருக்கிறது. ஆதலால் இது ஆண்பிள்ளைகள் வேலை என்பது இனிப் பொருந்தாது.

கல்வித் தகுதியும் வயதும்

காவல்துறையில் சேர நான்கு வாயில்கள் உள்ளன.

முதலாவது, இரண்டாம் நிலைக் காவலர். இதற்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வயது 18 முதல் 26 வரை. பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் இனத்தவர், ஆதரவற்ற விதவைகள் முதலியோருக்கு வயதில் சலுகை உண்டு.

இரண்டாவது, உதவி ஆய்வாளர். இதற்குப் பட்டப்படிப்பு வேண்டும். இவ்விரு பணிகளுக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு நடத்துகிறது.

மூன்றாவது, துணைக் கண்காணிப்பாளர். பட்டம் பெற்றவர்கள், தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் முதல் தொகுதித் தேர்வில் வெற்றி பெற்று இப்பதவியை அடையலாம்.

நான்காவது, இந்தியக் காவல் பணி. இதற்கும் பட்டப்படிப்பே அடிப்படை. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் முதல்நிலை, முதன்மை, நேர்முகம் ஆகிய மூன்று படிகளையும் கடக்க வேண்டும். தேர்ந்தவர்கள் ஐதராபாத்திலுள்ள சர்தார் வல்லபாய் படேல் தேசியக் காவல் பயிற்சிக்கழகத்தில் பயிற்சி பெறுகின்றனர்.

காவலராகச் சேர்ந்தவர் காவலராகவே ஓய்வு பெற வேண்டும் என்பதில்லை. பணியிலிருந்தபடியே மேற்படிப்புப் படித்துத் தேர்வெழுதி உயர்ந்தோர் உண்டு. குடும்பச் சூழலால் மேலே படிக்க இயலாத தோழியருக்கு இது ஆறுதலான செய்தி.

உடல் தகுதி

தமிழ்நாட்டில் காவலர் பணிக்குப் பெண்கள் பொதுவாக 159 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 157 செ.மீ. போதும். இந்தியக் காவல் பணிக்குப் பெண்களுக்கு 150 செ.மீ. உயரம் போதுமானது. காவலர் தேர்வில் பெண்கள் 400 மீட்டர் தொலைவை இரண்டரை நிமிடங்களுக்குள் ஓடிக் கடக்க வேண்டும். நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல், குறுந்தொலைவு ஓட்டம் ஆகியவையும் உண்டு. தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றில் சான்றிதழ் பெற்றோருக்குச் சிறப்பு மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன. எழுத்துத் தேர்வில் தமிழ் மொழித் தகுதித் தாளும் இருக்கிறது. அதில் தேறாதவரின் மற்ற விடைத்தாளைத் திருத்துவதே இல்லை. தமிழ் வகுப்பில் கொட்டாவி விடுவோர் இதைக் கவனிக்கவும்!

வேண்டிய பண்புகள்

உயரத்தை அளவுகோல் அளந்துவிடும். ஓட்டத்தைக் கடிகாரம் அளந்துவிடும். ஆனால் எந்தக் கருவியாலும் அளக்க முடியாத தகுதிகளும் உள்ளன.

முதற்பண்பு, பொறுமையுடன் கேட்டல். எங்கள் தெருவில் பூ விற்கும் அக்காள் ஒருவரின் கம்மலை ஒருநாள் யாரோ பறித்துச் சென்றுவிட்டனர். அவர் இரண்டு முறை காவல் நிலைய வாசல் வரை போய், உள்ளே நுழையப் பயந்து திரும்பி வந்துவிட்டார். மூன்றாம் முறை என் அம்மா உடன் சென்றார். உள்ளே இருந்த பெண் காவலர் அவரை நாற்காலியில் அமரச் செய்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, "பயப்படாமல் சொல்லுங்கள் அக்கா" என்றாராம். கம்மல் இன்று வரை கிடைக்கவில்லை. ஆனாலும், "என்னையும் ஓர் ஆளாக மதித்து உட்கார வைத்துக் கேட்டார்கள்" என்று அந்த அக்காள் இன்றும் சொல்கிறார். பொருளை இழந்து வருபவர் மதிப்பையும் இழந்து திரும்பக் கூடாது.

இரண்டாம் பண்பு, சட்ட அறிவு. கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது நமது அரசியலமைப்பின் கட்டளை. முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தர வேண்டும். தவிர்க்க முடியாத சூழ்நிலையில் அன்றி, சூரியன் மறைந்த பின்னும் உதிக்கும் முன்னும் ஒரு பெண்ணைக் கைது செய்யக் கூடாது. 2024 ஜூலை முதல் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோதும் இப்பாதுகாப்புகள் தொடர்கின்றன. இவற்றை அறியாத காவலர் எப்படி மக்களைக் காப்பார்?

மூன்றாம் பண்பு, தன்னடக்கம். கையில் லத்தியும் உடலில் சீருடையும் இருக்கும்போது கோபத்தை அடக்குவதே பெரிய வீரம். 2020ஆம் ஆண்டு சாத்தான்குளம் காவல் நிலையத்திற்குக் கொண்டு செல்லப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து உயிரிழந்த செய்தி நாட்டையே உலுக்கியது. காவலர்களே அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டனர்.

நான்காம் பண்பு, நேர்மை. அதே சாத்தான்குளம் நிலையத்தில் பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர்தாம், அன்றிரவு தாம் கண்டதை நடுவர் முன் அச்சத்தையும் மீறிச் சொன்னார். உடன் பணியாற்றுவோருக்கு எதிராக உண்மையைச் சொல்வது எளிதன்று. திருடனைத் துரத்துவதற்கு வேண்டிய துணிவைவிட இதற்கு அதிகத் துணிவு வேண்டும். காவல் பணிக்கு வேண்டிய எல்லாப் பண்புகளிலும் இதுவே தலையாயது என்பது என் எண்ணம்.

பெற்றோரின் கவலை

இப்பணியில் இரவுக் காவல் உண்டு. தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல் என்று ஊரே கொண்டாடும் நாளில் காவலர் தெருவில் நிற்க வேண்டும். இடமாற்றமும் உண்டு. பெற்றோர் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் செவிலியரும் இரவில்தான் கண்விழிக்கிறார். அவரை நாம் 'சகோதரி' என்று அழைத்து மதிக்கிறோம். துன்புற்ற ஒரு பெண் தன் துயரத்தைச் சொல்ல வரும்போது எதிரில் ஒரு பெண் காவலர் இருக்க வேண்டுமென நாம் விரும்புகிறோம் அல்லவா? அவரும் யாரோ ஒரு வீட்டின் மகள்தானே!

நாம் இப்போதே செய்யக் கூடியவை

தோழியரே! நாம் எழுதப் போகும் பத்தாம் வகுப்புத் தேர்வே இப்பணியின் முதற்படி. நாள்தோறும் காலையில் சிறிது நேரம் ஓடுவோம். செய்தித்தாளைத் தவறாமல் படிப்போம். தேசிய மாணவர் படை இருக்கும் பள்ளிகளில் அதில் சேர்வோம். வகுப்பில் ஒருத்தியின் பேனா காணாமற் போனால் உடனே இன்னொருத்தி மேல் பழி சுமத்தாமல், இருவர் சொல்வதையும் கேட்போம். தவறு செய்தவள் நம் உயிர்த்தோழியே ஆனாலும் உண்மையை மறைக்காதிருப்போம். இவையெல்லாம் சிறிய செயல்களே. எனினும், பதினைந்து வயதில் இவற்றைப் பழகாதவருக்கு இருபத்தைந்து வயதில் அணியும் சீருடை இவற்றைக் கற்றுத் தந்துவிடாது.

நம் பள்ளியிலிருந்தும் நல்ல காவல் அதிகாரிகள் உருவாகட்டும். அவர்கள் இருக்கும் நிலையத்தின் வாசலில், பூ விற்கும் அக்காள்கள் தயங்கி நிற்காமல் உள்ளே வரட்டும்.