கல்லையும் படிக்கலாம்

மத்தியப் பிரதேசத்தில் தார் என்று ஒரு மாவட்டம் உள்ளது. அங்கே பாட்லியா என்பது ஒரு சிற்றூர். நிலத்தை உழும்போது அங்கே உருண்டைக் கற்கள் கிடைத்தன. மக்கள் அவற்றைக் ‘காக்கர் பைரவர்’ என்று கும்பிட்டார்கள். வயலையும் ஆடு மாடுகளையும் காக்கும் எல்லைச் சாமி அது.

2023-ஆம் ஆண்டில் அறிஞர்கள் அந்த ஊருக்கு வந்தார்கள். கற்களை ஆராய்ந்தார்கள். “இவை டைனோசர் முட்டைகள்” என்றார்கள்.

டைனோசர்கள் பழங்காலப் பிராணிகள். அவற்றில் சில யானையைவிடப் பல மடங்கு பெரியவை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் நர்மதைப் பகுதியில் அவை வாழ்ந்தன.

முட்டை எப்படிக் கல் ஆனது?

தாய் டைனோசர் ஈர மண்ணில் குழி பறித்தது. அதில் முட்டைகளை இட்டது. சில முட்டைகள் பொரியவில்லை. அவற்றைச் சேறு மூடியது. தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு உள்ளே இறங்கி இறுகியது. முட்டை கல்லானது. இப்படிக் கல்லாகிப் போனதைப் ‘புதைபடிவம்’ என்கிறோம்.

பிறகு எரிமலைக் குழம்பு வழிந்து அந்த நிலத்தை மூடியது. காலப்போக்கில் மழையும் ஆறும் மேல் பாறையை அரித்தன. அடியில் இருந்தவை வெளியே தெரிந்தன.

இந்தப் பாறை அடுக்குக்கு ‘லமேட்டா’ என்று பெயர். ஜபல்பூர் அருகே நர்மதைக் கரையில் உள்ள லமேட்டா படித்துறையால் வந்த பெயர் இது. 1828-இல் ஜபல்பூரில் ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி டைனோசர் எலும்புகளைக் கண்டெடுத்தார். குஜராத்தில் ரையோலி என்ற ஊரிலும் எலும்புகள் கிடைத்தன. அந்தப் பிராணிக்கு 2003-இல் ‘ராஜாசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். அது இறைச்சி தின்னும் டைனோசர்.

தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் கண்டதாக 2023-இல் அறிஞர்கள் எழுதினார்கள். கூடுகள் மிக நெருக்கமாக இருந்தன. நடுவே தாய் நடக்க இடமில்லை. ஆகவே முட்டையிட்டதும் தாய் போய்விட்டிருக்கும் என்று கணித்தார்கள்.

கூடுகள் இருந்த இடத்தில் அப்படியே இருந்ததால்தான் இது தெரிந்தது. யாராவது முட்டைகளைப் பெயர்த்து எடுத்துப் போயிருந்தால்? புத்தகத்தில் பக்கத்தைக் கிழித்ததுபோல் ஆகியிருக்கும். எனவே புதைபடிவம் போல் ஏதாவது கண்ணில் பட்டால் பெயர்க்காதீர்கள். உடைக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு ஊராட்சியிடமோ பள்ளி ஆசிரியரிடமோ சொல்லுங்கள்.

பதில் சொல்லுங்கள்:
1. புதைபடிவம் என்றால் என்ன?
2. லமேட்டா என்ற பெயர் எப்படி வந்தது?
3. முட்டைகளை ஏன் இடம் மாற்றக் கூடாது?