ஒரு தேக்கரண்டி சீனியும் மூளைக்குப் போகும் ரத்தமும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தேக்கா நிலைய உணவங்காடியில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பானக்கடையில் பெரியவர்கள் சொல்வது காதில் விழும். "தே ஓ கோசோங் ஒண்ணு." "எனக்கு சியூ தாய், மறந்துடாதப்பா." சீனி வேண்டாம் என்பவரும் சீனியைக் குறைக்கச் சொல்பவரும் வரிசையில் பாதிப்பேர் இருப்பார்கள்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 18 முதல் 69 வயது வரையிலான சிங்கப்பூர் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மொத்த மக்கள்தொகைக்கு அந்த விகிதம் 11.3. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. நம் வீடுகளில் நீரிழிவு என்றதும் கால் புண், சிறுநீரகம், கண் பற்றிப் பேசுவார்கள். மூளையைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தாத்தா சாவியை எங்கே வைத்தோம் என்று தேடினால் "வயசாச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

முதலில் ஒரு கணக்கு. மோல் பாடம் படித்தவர்கள் தாளை எடுங்கள். ஆரோக்கியமான ஒருவர் காலையில் வெறும் வயிற்றில் இருக்கும்போது, அவருடைய ஒரு லிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 5 மில்லிமோல் குளுக்கோஸ் இருக்கும். ஒரு மோல் குளுக்கோஸின் நிறை 180 கிராம். ஆகவே ஒரு லிட்டரில் 0.9 கிராம். உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம். மொத்தம் 4.5 கிராம்.

அதாவது உடல் முழுவதும் ஓடும் ரத்தத்தில் உள்ள சர்க்கரை ஒரு தேக்கரண்டி அளவுதான். வெறும் வயிற்றில் 7 மில்லிமோலோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்பார்கள். அதையும் கணக்கிட்டுப் பாருங்கள், 6.3 கிராம் வரும். இரண்டு கிராமுக்கும் குறைவான வித்தியாசம்! 100 மில்லிலிட்டருக்கு 6 கிராம் சீனி உள்ள பானம் நியூட்ரி-கிரேட் முத்திரையில் 'சி' தரம் பெறும். அதில் 330 மில்லிலிட்டர் குடித்தால் ஏறத்தாழ 20 கிராம் உள்ளே போகிறது. அவ்வளவும் ரத்தத்திலேயே தங்கிவிடாமல் தசைக்கும் கல்லீரலுக்கும் அனுப்பி வைப்பது இன்சுலின்.

இனி மூளைக்கு வருவோம். மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போதுகூட உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காடு மூளைக்கே போகிறது. ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்கு குளுக்கோஸ் அதற்கு வேண்டும். இவ்வளவு செலவு செய்யும் உறுப்புக்குச் சேமிப்பு அறை இருக்கும் என்றுதான் நினைப்போம். இல்லை. பஃப்ளோ சாலையில் மாலை கட்டும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். மல்லிகையை ஒரு மாதத்துக்கு வாங்கி அடுக்கிவைக்க முடியாது. வரத்து நின்றால் கட்டுவதும் நின்றுவிடும். மூளையும் அப்படித்தான். நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 மில்லிலிட்டர் ரத்தம் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்கவேண்டும்.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. தசையும் கொழுப்புத் திசுவும் குளுக்கோஸை நிறைய உள்ளே எடுக்க இன்சுலின் வேண்டும். மூளைக்குள் குளுக்கோஸ் நுழைய இன்சுலின் தேவையில்லை. ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள ஒரு கடத்திப் புரதமே அதை உள்ளே கொண்டுபோய்விடும். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: "அப்படியானால் இன்சுலின் கோளாறு மூளையை ஏன் பாதிக்க வேண்டும்?"

நல்ல கேள்வி. பதிலின் பெரும்பகுதி குழாய்களில் இருக்கிறது.

நீங்கள் இந்த வரியைப் படிக்கும்போது பின்தலையில் உள்ள பார்வைப் பகுதி சுறுசுறுப்பாக இருக்கிறது. அங்கே உள்ள நரம்பணுக்கள் வேலை செய்யத் தொடங்கிய ஓரிரு விநாடிகளில் அப்பகுதியின் சிறு தமனிகள் விரிந்து கூடுதல் ரத்தத்தை விடுகின்றன. வேலை எங்கே நடக்கிறதோ ரத்தம் அங்கே அதிகம் போகிறது. இதை 1890இலேயே ராய், ஷெரிங்டன் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் விலங்குகளில் கண்டு எழுதினார்கள். நூறு ஆண்டு கழித்து, 1990இல், ஜப்பானியரான செய்ஜி ஒகாவா அதைக் காந்தத்தால் படம் பிடிக்க வழி கண்டார். ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபினுக்கும் ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினுக்கும் காந்தப் பண்பு வேறு. அந்த வேறுபாட்டை எம்ஆர்ஐ கருவி பிடித்துவிடும். செய்தித்தாள்களில் மூளையின் ஒரு பகுதி சிவப்பாக ஒளிரும் படங்களைப் பார்த்திருப்பீர்களே, அவை இந்த வகைதான். அந்தச் சிவப்பு நரம்பணுவின் மின்சாரத்தைக் காட்டுவதில்லை. அதைத் தொடர்ந்து வந்த ரத்தத்தையே காட்டுகிறது. பல பெரியவர்களுக்கே இது தெரியாது.

2015இல் போர்ச்சுகலின் கோயிம்பிராவில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களுக்குக் காட்சிகளைக் காட்டி, மூளையை இப்படிப் படம்பிடித்து ஆய்ந்தார்கள். நீரிழிவு இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் ரத்தத்தின் பதில் மெதுவாக வந்தது. நரம்பணு கேட்கிறது, ரத்தம் தாமதமாக வருகிறது. அதே ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வும் வெளியானது. சராசரி வயது 66 உள்ள 40 பேரை இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். அவர்களில் 19 பேருக்கு நீரிழிவு. மூளையின் ரத்த ஓட்டத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் திறன் அந்த 19 பேரிடம் குறைந்துபோயிருந்தது. ஒரு நினைவாற்றல் சோதனையில் அவர்களின் சராசரி மதிப்பெண் 46இலிருந்து 41க்கு இறங்கியது. மற்றவர்கள் 55இலேயே நின்றார்கள். நாற்பது பேர் என்பது சிறிய எண்ணிக்கை, இதை வைத்து எல்லோருக்கும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் பெரிய அளவில் நடந்த பல ஆய்வுகளும், நீரிழிவு உள்ளவர்களுக்கு முதுமையில் மறதிநோய் வரும் அபாயம் கூடுதல் என்றே காட்டியுள்ளன.

குழாய்க்கு என்ன ஆகிறது? ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒற்றை அடுக்காக எண்டோதீலியம் என்ற அணுக்கள் பரவியிருக்கின்றன. அவை நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால் குழாயைச் சுற்றியுள்ள தசை தளரும், குழாய் விரியும். ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இருந்தால் அந்த அணுக்கள் சேதமடைந்து நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. மிகுதிச் சர்க்கரை புரதங்களில் ஒட்டிக்கொள்கிறது. நுண்குழாய்களின் சுவர் தடிக்கிறது.

'கொஞ்சம்தானே சுருங்குகிறது' என்று நினைக்கவேண்டாம். பபிள் டீக்குத் தரும் பெரிய உறிஞ்சுகுழலையும் பொட்டலப் பானத்துடன் வரும் சின்னக் குழலையும் நினைத்துக்கொள்ளுங்கள். சீராக ஓடும் திரவத்தின் அளவு, குழாய் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. ஆரம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 0.9ஐ நான்கு முறை பெருக்குங்கள்: 0.656. அழுத்தம் மாறாவிட்டால் ஓட்டம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது. பாதியாகச் சுருங்கினால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். உயிருள்ள ரத்தக்குழாய் வளையும், கிளைபிரியும், ஆகவே கணக்கு அப்படியே பொருந்தாது. போக்கு இதுதான்.

சர்க்கரை ஏறினால் தொல்லை ஆண்டுக்கணக்கில் வரும். இறங்கினால் நிமிடக்கணக்கில். இதை நான் பாடநூலில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்குமுன் தீபாவளிக்கு முந்திய வாரம், சிராங்கூன் சாலையில் பெரியப்பாவோடு கடைக்குப் போயிருந்தேன். காலையில் அவர் மாத்திரை போட்டிருந்தார். இன்சுலினை அதிகம் சுரக்கவைக்கும் வகை. கூட்டத்துக்குமுன் வாங்கிவிடலாம் என்று பசியாறாமலேயே கிளம்பிவிட்டார். ஒரு கடை வாசலில் நின்றவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டியது. "என்ன பெரியப்பா?" என்றேன். அவர் சொன்னது புரியவில்லை, நாக்குக் குழறியது. என் பெயரைக்கூடச் சொல்லத் தெரியவில்லை. "காலையிலேயே குடிச்சிட்டாரா?" என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தது இன்னும் நினைவிருக்கிறது. அறிவியல் ஆசிரியரான நானும் பக்கவாதம் என்று பயந்து நின்றேன். பள்ளிச் சீருடையில் இருந்த ஒரு பெண்தான் "அங்கிளுக்கு நீரிழிவா?" என்று கேட்டுத் தன் பையிலிருந்த பொட்டலப் பழச்சாற்றை நீட்டினாள். அவள் வீட்டில் பாட்டிக்கு இப்படி நடந்திருக்கிறதாம். பதினைந்து நிமிடத்தில் பெரியப்பா, "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார்.

சேமிப்பு இல்லாத மூளைக்கு வரத்துக் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான செய்முறையை நான் பார்த்ததில்லை. ரத்தச் சர்க்கரை 4 மில்லிமோலுக்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, குழப்பம் வரும். விழுங்க முடிகிறவருக்குச் சுமார் 15 கிராம் சர்க்கரை கொடுக்கவேண்டும்: மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்தோ, பழச்சாறாகவோ. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்கவேண்டும். சீனியில்லாத 'ஸீரோ' பானம் இங்கே ஒன்றுக்கும் உதவாது! மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 995ஐ அழையுங்கள். முகம் கோணினாலோ ஒரு பக்கக் கை கால் தளர்ந்தாலோ காத்திருக்காமல் உடனே 995தான்.

மூளைக்குள் இருக்கும் நுண்குழாய்களை நேரில் பார்க்க முடியாது. ஆனால் அதே போன்ற குழாய்களைப் பார்க்க ஒரு சன்னல் இருக்கிறது. கருவில் கண்ணின் விழித்திரை மூளையிலிருந்தே கிளைத்து வளர்கிறது. நீரிழிவு உள்ளவர்களைப் பலதுறை மருந்தகத்தில் விழித்திரைப் படம் எடுக்கச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 2010இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் அந்தப் படங்கள் ஒரே இடத்துக்கு அனுப்பப்பட்டு ஆராயப்படுகின்றன. சிங்கப்பூர்க் கண் ஆய்வுக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அவற்றைப் படிக்க 'செலீனா பிளஸ்' என்ற செயற்கை நுண்ணறிவை உருவாக்கின. அதைப் பற்றிய 2017ஆம் ஆண்டு ஆய்வில் ஏறத்தாழ ஐந்து லட்சம் படங்கள் பயன்பட்டன. நம் ஊரில் பிறந்த கருவி என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பெரியப்பா இப்போது அந்தப் படத்தைத் தவறவிடுவதில்லை. போன முறை திரையில் தெரிந்த சிவப்புக் கிளைகளைப் பார்த்து, "இது என்ன, மரமா?" என்று தாதியிடம் கேட்டாராம்.

வீட்டுக்கணக்கு: ஒரு குழாயின் ஆரம் 20 விழுக்காடு குறைந்தால் ஓட்டம் எவ்வளவு மிஞ்சும்? கணிப்பான் இல்லாமல் போட்டுப் பாருங்கள். விடை அடுத்த வாரம்.