காலுக்குத்தான் ஓய்வு, ஆளுக்கு அல்ல



உங்கள் வீட்டில் ஒருவருக்கு உள்ளங்காலில் புண் வந்து மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கிறதா? ஊசி போட்டாச்சு, மாத்திரை சாப்பிட்டாச்சு, கட்டு மாற்றி மாற்றி அலுத்துப்போச்சு, புண் மட்டும் அப்படியே நிற்கிறதா? இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைப் படியுங்கள். ஒருவருக்குப் படிக்க வராவிட்டால் மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

சர்க்கரை நோய் பல வருடம் உடம்பில் இருந்தால் கால் நரம்புகள் கெட்டு உணர்ச்சி குறைந்துவிடும். கருவேல முள் ஏறினாலும் தெரியாது, செருப்பு கடித்தாலும் தெரியாது. "வலியே இல்லையே, அப்புறம் என்ன?" என்று வயலுக்குக் கிளம்பிவிடுவார்கள். வலி இல்லாததுதான் இங்கே ஆபத்து. நல்ல காலில் முள் குத்தினால் நாம் நொண்டுவோம். அந்த நொண்டல்தான் புண்ணுக்குக் கிடைக்கிற ஓய்வு. மரத்துப்போன கால் நொண்டாது. ஒவ்வொரு அடியிலும் உடம்பின் பாரம் அந்தப் புண்ணின் மேலேயே இறங்கும். ராத்திரி ஆறிய கொஞ்சமும் காலையில் நசுங்கிப்போகும்.

இதை நம் தமிழ்நாட்டிலேயே கண்கூடாகப் பார்த்தார்கள். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் சதை ஆறாத சதை என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். அவர் புண்பட்ட காலுக்கு மாவுக்கட்டு போட்டார். புண் ஆறியது. குறை சதையில் இல்லை, ஓய்வு கிடைக்காததுதான் குறை என்று தெரிந்தது. இன்று சர்க்கரை நோயால் வரும் பாதப் புண்ணுக்கும் பல நாடுகளில் இந்த மாவுக்கட்டு முறை உண்டு. காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருந்து, சீழும் இல்லாமல், பாரமும் விலகினால் பல புண்கள் 6 முதல் 12 வாரத்தில் ஆறிவிடும். மாவுக்கட்டா, தனிச் செருப்பா, ஊன்றுகோலா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்லுவார்.

"ஐயோ, மூணு மாசம் சும்மா உட்கார்ந்தா குடும்பம் என்னாவது?"

சும்மா உட்காரச் சொல்லவில்லை. பாதம்தான் தரையில் படக்கூடாது. கையும் கண்ணும் வாயும் நன்றாகத்தானே இருக்கின்றன! புளி கொட்டை எடுக்கலாம், கடலை உரிக்கலாம், பூ கட்டலாம், பால் கணக்கு எழுதலாம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். திண்ணையில் கட்டில் போட்டு உட்கார்ந்தால் தெருவே வந்து பேசும். தாயம் ஆடுங்கள், ரேடியோ கேளுங்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள்: தரையில் நெடுநேரம் சம்மணம் போட்டால் கணுக்கால் அழுந்தி அங்கே புதுப்புண் வரும். நாற்காலியோ கட்டிலோ நல்லது.

"வீட்டுக்குள்ளே நாலு அடிதானே" என்று நடப்பதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு. அடுப்படிக்கும் கொல்லைக்கும் நடந்து நடந்து அந்த நாலு அடி நானூறு அடி ஆகிவிடும். ராத்திரி எழுந்து போவதும் கணக்கில் சேர்த்திதான். கட்டிலருகே ஒரு பாத்திரம் வைத்துக்கொள்வதில் வெட்கமில்லை.

புண் மனைவிக்கு என்றால் கணவர் கொஞ்சம் கூடுதலாகவே கேளுங்கள். ஆம்பளைக்கு வந்தால் வீடே ஓய்வு கொடுக்கிறது. பொம்பளைக்கு வந்தால் அவளே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகிறாள். நீங்கள் தண்ணீர் எடுத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் உயரமான முக்காலி போட்டுக் கொடுங்கள், உட்கார்ந்தபடியே தாளித்துவிடுவாள். முடங்கிக் கிடப்பவர் சில நாள் எரிந்து விழுவார். அதைப் பெரிசு பண்ணாதீர்கள். கால் புண் ஒட்டுவாரொட்டி அல்ல. பக்கத்தில் படுக்கலாம், தாம்பத்திய உறவும் வைத்துக்கொள்ளலாம். புண்பட்ட காலில் பாரம் ஊன்றாமல் இருந்தால் போதும்.

சுண்ணாம்பு, சாம்பல், சாணி, பச்சிலை எதையும் புண்ணில் அப்பாதீர்கள். வெந்நீர் ஒத்தடமும் கூடாது. மரத்த கால் வெந்துபோவது தெரியாது. ஆணியையும் காய்ப்பையும் பிளேடால் சீவாதீர்கள். பீடி ரத்தக் குழாயைச் சுருக்கும், ஆகவே அதை விட்டே ஆகவேண்டும். சர்க்கரை மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தாதீர்கள். அதற்காகப் பட்டினியும் வேண்டாம். முட்டை, பருப்பு, மீன், கீரை சாப்பிட்டால்தான் புதுச் சதை வளரும்.

சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், சிவப்பு மேலே ஏறுவது, விரல் கறுப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சந்தை நாளாக இருந்தாலும் சரி, கல்யாண நாளாக இருந்தாலும் சரி.

புண் மூடியதும் மறுநாளே நாற்று நடப் போகலாமா? போகக்கூடாது. ஆறியவர்களில் 10 பேருக்கு 4 பேர் வீதம் ஒரு வருடத்துக்குள் மறுபடியும் புண் வருகிறது. முதலில் சிறிது நேரம் நடந்து, பாதத்தைப் பார்த்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வெறுங்கால் நடை வீட்டுக்குள்ளும் வேண்டாம். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் போய்வாருங்கள். உச்சி வேளையில் கல் தளம் பாதத்தைப் பொரித்துவிடும். மிருதுவான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு நல்லது. ஆணி அடித்த செருப்பு வேண்டாம், பின்வார் இருக்கட்டும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் மட்டும் போடுங்கள். போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள், கல்லோ முள்ளோ கிடக்கும்.

தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கஷ்டம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும், "ஏ புள்ள, காலைக் காட்டு" என்று அவரும், "என்னங்க, காலை நீட்டுங்க" என்று இவரும் விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் பாதத்தை ஒருவர் பார்க்கலாம். விரல் இடுக்கையும் விடாதீர்கள். சிவந்த இடம், கொப்புளம், தொட்டால் மற்ற காலைவிடச் சூடு, இப்படி எது தெரிந்தாலும் நடையை நிறுத்திவிட்டு மறுநாள் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.