மோட்டார் நிற்கும் நிமிடத்தை நினைத்து வாங்கு

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தாத்தாவும் பாட்டியும் கூடை சுமந்து ஏறி இறங்கிய தேயிலைச் சரிவுகளை வானத்திலிருந்து பார்க்க ஆசைப்படுகிறாய். சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பாராமோட்டார் வாங்கப் போவதாகவும், எந்த மோட்டார் நல்லது என்றும் எழுதியிருக்கிறாய். மலேசிய மலைப் பள்ளத்தாக்கான லெம்பா பெர்த்தாமின் பிள்ளை ஒருவன் பறக்க நினைப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வியை நீ முதலில் கேட்டுவிட்டாய்.

இந்தக் கலையில் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. மோட்டார் எந்த நேரமும் நின்றுபோகலாம். முதுகில் கட்டிக்கொள்வது சின்ன டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். பிளக்கில் கரி பிடிக்கும், பெட்ரோல் குழாயில் காற்றுக் குமிழ் புகும், பெல்ட் அறுந்துபோகும். எஞ்சின் நின்றால் நீ கல்லாக விழமாட்டாய். தலைக்கு மேலுள்ள துணி விங் உன்னைச் சறுக்கலாக இறக்கிவிடும். 100 மீட்டர் உயரத்தில் இருந்தால், எதிர்க்காற்று இல்லாதபோது, 500 அல்லது 600 மீட்டர் தூரம் போய்ச் சேரலாம். அதற்குள் கால் வைக்கத் தகுந்த தரை இருக்க வேண்டும். இடம், கருவி, நேரம் மூன்றையும் இந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்.

இப்போது உன் ஊரையே அந்தக் கண்ணோடு பார். தூரத்திலிருந்து பச்சைக் கம்பளமாகத் தெரியும் தோட்டம், கிட்டே போனால் செங்குத்துச் சரிவு. கவ்வாத்து வெட்டிய செடியைத் தொட்டுப் பார்த்தவன் நீ. விரல் தடிமனில் கூராக நிற்கும் குச்சிகள் விங் துணியைக் கிழிக்கும், தொடையிலும் இறங்கும். பள்ளத்தாக்கின் சமதரையைக் காய்கறித் தோட்டங்களின் பிளாஸ்டிக் கூரைகளும் இரும்புத் தூண்களும் பிடித்துக்கொண்டன. மின்கம்பி மேலிருந்து கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கம்பங்களைப் பார்த்துத்தான் நடுவில் கம்பி ஓடுகிறது என்று ஊகிக்க வேண்டும். பக்கத்து ரிங்லெட்டில் சுல்தான் அபு பக்கர் அணையின் ஏரி தட்டையாகக் கிடக்கிறதே என்று நினைத்துவிடாதே. 25 கிலோ மோட்டாரோடு வாரில் கட்டப்பட்டுத் தண்ணீரில் விழுபவனுக்கு, நீச்சல் தெரிந்தாலும் தப்பிப்பது கடினம். விங்கின் நூல்கள் கைகாலைச் சுற்றிக்கொள்ளும்.

காற்றும் அப்படித்தான். விடியற்காலையில் குளிர்ந்த காற்று சரிவிலிருந்து கீழே வழியும். வெயில் ஏற ஏற அதுவே திசை மாறி மேலே ஏறும். முகட்டைத் தாண்டி வரும் காற்று மறுபக்கத்தில் சுழன்று புரளும். அந்தச் சுழலில் விங் மடங்கிவிடலாம். மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கி மலையை மூடுவதை நீ தினமும் பார்க்கிறாய்.

ஆகவே முதல் பறத்தல் உன் ஊரில் வேண்டாம். கோலா குபு பாருவும் பந்திங் பக்கத்து ஜூக்ரா மலையும் மோட்டார் இல்லாத பாராகிளைடிங்குக்குப் பேர்போன இடங்கள். அங்கே பறப்பவர்களிடம் போய் நில். தகுதி பெற்ற பயிற்சியாளரிடம் சேர்ந்து, விங்கைத் தரையில் தூக்கி நிறுத்தக் கற்றுக்கொள். கண்ணை மூடிக்கொண்டு தலைக்கு மேல் அதைச் சமாளிக்கிற வரை தரையை விட்டு எழாதே. மோட்டார் கட்டிப் பறப்பதை அகலமான சமவெளித் திடலில் தொடங்கு. மலேசியச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் அனுமதி விவரங்களைக் கேள். தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் இல்லாமல் அதன் நிலத்தில் ஏறவோ இறங்கவோ திட்டமிடாதே.

இனிக் கருவி. முதலில் விங். ஐரோப்பியத் தரமான ஈஎன் 926 சோதனையில் விங்குகளை ஏ, பி, சி, டி எனப் பிரிக்கிறார்கள். ஏ வகை மடங்கினாலும் பெரும்பாலும் தானே விரிந்துகொள்ளும். உனக்கு அதுதான். வேகத்துக்காகச் செய்த ரிஃப்ளெக்ஸ் விங்கைப் பக்கத்தில் சேர்க்காதே. அளவு பார்க்கும்போது உன் எடையோடு மோட்டார், எரிபொருள், விங், உடுப்பு எல்லாவற்றையும் கூட்டு. நீ 65 கிலோ என்றால் மொத்தம் 100 கிலோவை ஒட்டி வரும். அந்த எடை விங்கின் அனுமதி வரம்புக்கு நடுவே விழட்டும். பழைய விங் மலிவாகக் கிடைத்தால், துணியில் காற்றுக் கசிவையும் நூல்களின் பலத்தையும் சோதித்த சான்று கேள். நம் நாட்டு வெயிலும் ஈரப்பதமும் துணியைச் சீக்கிரம் தின்றுவிடும்.

அடுத்து ரிசர்வ் பாராசூட். ஈஎன் 12491 தரப்படி அது விநாடிக்கு 5.5 மீட்டருக்கு மேல் வேகமாக இறங்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து குதிப்பதற்குச் சமமான வேகம் அது. உன் மொத்த எடைக்கு ஏற்றதை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறையாவது பிரித்து உலர்த்தி மடித்து வை. வான்விளையாட்டுக்கென்றே செய்த ஹெல்மெட்டும் கணுக்காலைப் பிடிக்கும் காலணியும் வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில் பறந்தால் தானே ஊதிக்கொள்ளும் மிதவை கட்டாயம்.

இப்போதுதான் மோட்டார். உன் உடம்புக்கு 80 சிசி வகை போதும். பெரிய எஞ்சினைத் தவிர்ப்பதற்குக் காரணம் உண்டு. புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றினால் உன் உடம்பு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். ஏறும்போது திராட்டில் விசையை முழுதாக அழுத்தினால் நீ விங்குக்குக் கீழே முறுக்கிக்கொள்ளலாம். ஆனால் இதையும் தெரிந்துகொள். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று மெலிந்து, எஞ்சின் பலம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறையும். கடலோரத்தில் 60 கிலோ தள்ளுவது உங்கள் பள்ளத்தாக்கில் 54 கிலோதான் தள்ளும். தரையை விட்டு எழ இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். கீழே பழகியவன் மலைக்கு வந்து தடுமாறுவது இதனால்தான்.

புரொப்பெல்லரைச் சுற்றியுள்ள கூண்டு விறைப்பாக இருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார். வளைந்து புரொப்பெல்லரைத் தொடுமானால் அதை வாங்காதே. இந்த விளையாட்டில் கை விரல்கள் போவது பெரும்பாலும் தரையில், எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்யும்போதுதான். திராட்டில் விசை சிக்கி எஞ்சின் திடீரென முழுவேகத்தில் சீறினால் அந்த மோட்டார் உன் மேல் பாயும். அதனால் ஒவ்வொரு தடவையும் திராட்டில் விசை விட்டதும் தானாகத் திரும்புகிறதா, நிறுத்தும் பொத்தான் வேலை செய்கிறதா என்று முதலில் பார். பக்கத்தில் குழந்தைகளை நிற்க விடாதே.

இவ்வளவு எச்சரிக்கிறேனே என்று சோர்ந்துவிடாதே. 2016இல் இந்திய விமானப்படையின் பாராமோட்டார் குழு ஒன்று, கலைகுண்டாவிலிருந்து கிளம்பி 10,000 கிலோமீட்டருக்கு மேல் இந்தியாவைச் சுற்றிவந்தது. இந்தச் சின்ன மோட்டாரால் அவ்வளவு தூரம் முடியும். ஆனால் அதைச் செய்தவர்கள் பயிற்சியையும் ஒழுங்கையும் தொழிலாகவே கொண்ட படைவீரர்கள்.

ஒருநாள் நீ உன் ஊருக்கு மேலே பறப்பாய். அன்று காலை இறங்கும் திடலை நடந்து பார்த்திருப்பாய், கம்பங்களை எண்ணியிருப்பாய், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடுவாய். காற்று சரியில்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும் மனமும் உனக்கு வந்திருக்கும். அந்த மனம் வராதவனுக்கு எந்த விலை கொடுத்து வாங்கிய கருவியும் காவல் இல்லை.

எனவே சேர்த்த பணத்தில் இந்த வருஷம் மோட்டார் வாங்காதே. பயிற்சிக்குக் கட்டு. மீதியில் ஹெல்மெட்டும் ரிசர்வும் வாங்கு. மோட்டாரைப் பற்றிப் பயிற்சி முடித்துவிட்டு எழுது, பேசுவோம்.

அன்புடன்,
உன் அண்ணன்