துரைக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு நாற்காலி

பிரிக்ஃபீல்ட்ஸ் கேஎல் சென்ட்ரல் சுற்றியுள்ள ஆபீஸ்களும் ஷா ஆலம் தொழிற்சாலைகளும் போடும் வேலை விளம்பரங்களில் 'எச்.ஆர். பிசினஸ் பார்ட்னர்' என்ற பதவியைப் பார்த்திருப்பீர்கள். பார்ட்னர் என்றதும் கம்பெனியில் பங்கு கொடுப்பார்களோ என்று நினைக்க வேண்டாம். சம்பளத்துக்கு வேலை செய்கிற ஆள்தான். ஆனால் லீவு பாரம் வாங்கி வைக்கிற எச்.ஆர். இல்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவ் உல்ரிச் 1997-இல் வெளியிட்ட புத்தகம் வழியாகப் பரவிய யோசனை இது. மனிதவளத் துறை நிர்வாகக் காரியங்களை மட்டும் பார்த்தால் போதாது; தொழிலாளர் பக்கம் நின்று பேச வேண்டும், மாற்றத்துக்கு ஆட்களைத் தயார்ப்படுத்த வேண்டும், நிறுவனத்தின் திட்டத்தில் கைகோர்க்க வேண்டும் என்றார் அவர். பெரிய நிறுவனங்கள் பிறகு துறையையே மூன்றாகப் பிரித்தன. சம்பளச் சீட்டு, லீவு, கிளைம் எல்லாம் ஓர் இடத்தில். பயிற்சி, சம்பள அமைப்பு போன்றவற்றில் ஆழமாகத் தெரிந்தவர்கள் இன்னோர் இடத்தில். மூன்றாவது, உற்பத்தி, விற்பனை என ஒவ்வொரு பிரிவுத் தலைவரோடும் உட்கார்ந்து வேலை செய்யும் ஆள். அவர்தான் பார்ட்னர்.

ஷா ஆலத்தில் 200 பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் 60 பேர் நின்றுவிட்டார்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுப்பு இல்ல, வேற ஆள் எடுங்க" என்பார் மேனேஜர். பழைய பாணி எச்.ஆர். உடனே விளம்பரம் போடும். பார்ட்னர் அந்த 60 பேரையும் பிரித்துப் பார்ப்பார். எந்த ஷிஃப்ட், எந்த சூப்பர்வைசர், சேர்ந்து எத்தனையாவது மாதம்? அதில் 40 பேர் நள்ளிரவில் முடியும் ஷிஃப்ட், முக்கால்வாசி கிள்ளானிலிருந்து வருகிறவர்கள் என்று தெரிந்தால், கோளாறு பசங்களிடம் இல்லை. வீடு போக பஸ் இல்லை. வேன் விடும் செலவையும், வருடம் 40 புது ஆட்களைத் தேடிப் பழக்கும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மேனேஜரிடம் காட்டுவார். மெஷின் பழுதானால் எங்கள் துறையில் செய்வதும் இதுதான். பார்ட்டை மாற்றுவதற்கு முன்னால் ஏன் உடைந்தது என்று பார்க்கிறோம்.

ஆளை ஆராய்ந்து எடுப்பதற்குத் திருக்குறளில் 51-ஆம் அதிகாரம், தெரிந்துதெளிதல். எடுத்தவரை எந்த வேலையில் எப்படி வைப்பது என்பதற்கு 52, தெரிந்துவினையாடல். வள்ளுவர் இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்திருக்கிறார். பல கம்பெனிகளில் எச்.ஆர். 51-லேயே நின்றுவிடுகிறது என்பது என் எண்ணம்.

நடுவில் நிற்கும் ஆள் என்றாலே நம் தாத்தா பாட்டிகளுக்கு ஞாபகம் வருவது கங்காணி. எத்தனை பேர் அன்றைக்கு வேலைக்கு இறங்கினார்களோ, அத்தனை பேருக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. காய்ச்சலில் படுத்திருப்பவனை அவர் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் முன்னால் நின்றார். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி கேட்டார்கள். அதோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், பெண்களுக்குத் தொல்லை கொடுப்பது நிற்க வேண்டும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், கொடுமை செய்யும் கிராணிகளை நீக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். பாதிக்கு மேல் மரியாதை சம்பந்தப்பட்டவை. இதையெல்லாம் மேலே எடுத்துச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்த கிராணியே புகாரில் இருந்தார். மே மாதம் நாதன் கைதானார், பிறகு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் இறந்தார்கள்.

சரி, என்ன தகுதி வேண்டும்? பெரும்பாலும் மனிதவளம், வணிகம், உளவியல் என ஏதாவது ஒரு பட்டம் கேட்பார்கள். பொறியியல் படித்தவர்களும் தொழிற்சாலைப் பக்கம் போகலாம். லைன் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருப்பது பெரிய பலம். படித்த கையோடு இந்த நாற்காலி கிடைக்காது. எச்.ஆர். எக்சிகியூட்டிவ்வாகச் சில வருடம் ஓட வேண்டும். மலாய், ஆங்கிலம் இரண்டிலும் எழுதத் தெரிய வேண்டும். எக்செல் கைவசம் இருக்க வேண்டும்.

சான்றிதழை விட முக்கியம் சட்டம். 1955 வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தன. வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியானது. மகப்பேறு விடுப்பு 60-லிருந்து 98 நாளானது. மணமான அப்பாக்களுக்கு 7 நாள் விடுப்பு வந்தது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றித் தரும்படி ஒருவர் எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். 1967 தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவை நம் பிள்ளைகள் எல்லாருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும். நியாயமான காரணமில்லாமல் வேலையிலிருந்து நீக்கப்பட்டதாக நினைப்பவர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். "போனா போகுது" என்று மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்துவிட்டு விசாரித்தால் கதவு சாத்தியிருக்கும். மேனேஜர் கோபத்தில் "நாளையிலேர்ந்து வராதே" என்று சொல்லப் போகும்போது, "முதல்ல விசாரணை நடத்தணும் சார்" என்று தடுத்து நிறுத்த வேண்டியவர்தான் பார்ட்னர். அது தொழிலாளியையும் காப்பாற்றும், கம்பெனியையும் வழக்கிலிருந்து காப்பாற்றும்.

இந்த வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்கள் சம்பளம் கேட்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: என் அப்ரைசலை எழுதப் போவது யார்? பிரிவுத் தலைவர் மட்டும்தான் என்றால், உங்கள் போனஸ் அவர் கையில், கிட்டத்தட்ட தலைக்காசு மாதிரி. மனிதவளத் தலைவரும் சேர்ந்து எழுதுகிறார் என்றால், "முடியாது சார்" என்று சொல்ல உங்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கும்.