மகளைப் பெண்கள் பல்கலைக்கழகத்தில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். பெண்கள் மட்டும் படிக்கும் இடமென்றால் அனுப்பலாம் என்கிறார் அவள் அப்பா. மும்பையில் அப்படி இருக்கிறதா? அந்தப் பட்டத்துக்கு மதிப்பு உண்டா? – வாசகி, தாராவி

பதில்: இருக்கிறது, சகோதரி. இந்தியாவின் முதல் மகளிர் பல்கலைக்கழகமே உங்கள் ஊரில்தான் இருக்கிறது. எஸ்.என்.டி.டி. என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1916-இல் புனேயில், அரசு அங்கீகாரம்கூட இல்லாமல், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவிகளோடு அதைத் தொடங்கியவர் சமூகச் சீர்திருத்தவாதி கார்வே. ஆங்கிலம் தெரியாததால் ஒரு பெண்ணின் படிப்பு நின்றுவிடக் கூடாது என்று தாய்மொழியிலேயே பாடம் நடத்த வைத்தார். 1920-இல் மும்பைத் தொழிலதிபர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் நன்கொடை அறிவித்தார். அவருடைய தாயார் நாதிபாயின் பெயரைத்தான் பல்கலைக்கழகம் தாங்கி நிற்கிறது. தனியார் முயற்சியாகப் பிறந்த அதற்கு 1951-இல் சட்டபூர்வ அங்கீகாரம் கிடைத்தது. ஆகவே பட்டத்தின் மதிப்பில் சந்தேகமே வேண்டாம்.

போக்குவரத்தும் சிரமமில்லை. தாராவிக்குப் பக்கத்திலுள்ள மாஹிமில் லோக்கல் ரயில் ஏறினால் ஒரு பக்கம் சர்ச்கேட் வளாகம். மறுபக்கம் சாந்தாகுரூஸில் இறங்கினால் ஜுஹு வளாகம். மாட்டுங்காவிலேயே அதனுடன் இணைந்த மனையியல் கல்லூரி உண்டு. வேலை பார்த்துக்கொண்டே படிக்கத் தொலைநிலைக் கல்வியும் இருக்கிறது.

ஆனால், முதலில் மகளிடம் என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். அந்தப் படிப்பு இருபாலர் கல்லூரியில்தான் கிடைக்குமென்றால், அங்கேயும் தயங்காமல் அனுப்புங்கள். அவள் அப்பாவிடம் நீங்களே பேசுங்கள்; படிப்பு மட்டும் நிற்கவே கூடாது.